அரிய திரைப்படப் பொம்மைகள்: விலையை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய திரைப்படப் பொம்மைகள் ஏலத்தில் ஈட்டும் பெருந்தொகைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சேகரிப்பாளர்களின் உலகத்துக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று இடம் ஒதுக்கியது மகிழ்ச்சி அளித்தது. ஆயினும், 5,25,000 டாலருக்கு விற்ற ஒரு பொம்மையைக் காட்டி, வெளிநாட்டு உறவினர்கள் எப்போதோ கொண்டுவந்து கொடுத்த பொம்மைகள் பரணில் கிடந்தால் அவை லட்சங்களாக மாறக்கூடும் என்று வாசகர்களுக்கு ஆசை காட்டி அக்கட்டுரை முடிந்திருந்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இத்தகைய பொம்மைகளைப் பல ஆண்டுகளாகத் தேடி வருகிறவன் என்ற முறையில், விலையோடு நின்றுவிடும் செய்தி எவற்றையெல்லாம் சொல்லாமல் விடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் அந்த 5,25,000 டாலர் பொம்மையை எடுத்துக்கொள்வோம். ‘ஸ்டார் வார்ஸ்’ படவரிசையில் வரும் போபா ஃபெட் என்ற பாத்திரத்தின் சிறிய உருவம் அது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இயங்கிய கென்னர் நிறுவனம் 1979 வாக்கில் செய்து பார்த்த, கையால் வண்ணம் தீட்டிய முன்மாதிரியான அதை டல்லாஸ் நகரின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம் 2024-இல் விற்றது. முதுகில் உள்ள ராக்கெட் ஸ்பிரிங் விசையால் பாய்ந்து செல்லும்படி அப்பொம்மையை வடிவமைத்த கென்னர், தன் மற்றப் பொம்மைகளின் அட்டைகளிலிருந்து வெட்டியெடுத்த, வாங்கியதற்கான நான்கு சான்றுத் துண்டுகளை அனுப்புகிறவர்களுக்கு அதை அஞ்சலில் அனுப்புவதாக விளம்பரமும் செய்தது. அதற்குள், மேட்டல் நிறுவனம் விற்ற ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ விண்கலப் பொம்மை ஒன்றிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் உயிரிழந்தான். அதன்பின் கென்னர் ராக்கெட்டை முதுகோடு சேர்த்து அசையாதபடி ஒட்டியே குழந்தைகளுக்கு அனுப்பிவைத்தது. ராக்கெட் பாயும் போபா ஃபெட் எந்தக் கடையிலும் விற்கப்படவில்லை. எந்தக் குழந்தைக்கும் அஞ்சலில் போய்ச் சேரவும் இல்லை. நிறுவனத்துக்குள் இருந்த முன்மாதிரிகள் காலப்போக்கில் வெளியே வந்து கைமாறியவைதான் இன்று ஏல மேடையில் நிற்கின்றன. அமெரிக்கக் குழந்தைகளின் வீட்டுப் பரணிலேயே இருக்க வழியில்லாத ஒன்றை நம் ஊர்ப் பரண்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

கடையில் உண்மையாகவே விற்கப்பட்டு, பிறகு அரிதாகிப்போன பொம்மையைத் தேடுவது வேறு வகையான வேலை. அந்த வேலையில் பொம்மையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கடினமில்லை. அதனோடு பெட்டியில் வந்த உறுப்புகள் அனைத்தும் அதே பொம்மைக்கு உரியவையாக, அதே ஆண்டுக்கு உரியவையாக இருக்கின்றனவா என்று உறுதி செய்வதுதான் கடினம். கொலுப் படியில் வைக்கும் தசாவதாரப் பொம்மைகளில் ஒன்று உடைந்துபோனால் மற்ற ஒன்பதும் படும் பாடு நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். இங்கே ஒரே பொம்மைக்குள் அந்தப் பாடு நிகழ்கிறது. நான் நெடுங்காலம் தேடிய ‘ஏலியன்’ படத்துப் பொம்மையைக் கொண்டே இதை விளக்க விரும்புகிறேன். இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ஏலியன்’ அமெரிக்காவில் 1979 மே 25 அன்று வெளியானது. அதற்குச் சரியாக இரண்டு ஆண்டுகள் முன்பு, 1977 மே 25 அன்று, அதே ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை வெளியிட்டிருந்தது. அந்தப் படத்துக்குப் பொம்மை செய்யும் உரிமையைப் பெற்றிருந்த கென்னருக்கு, 1977 கிறிஸ்துமஸ் காலத்தில் கடைகளுக்கு அனுப்பப் பொம்மைகளே தயாராக இருக்கவில்லை. எனவே அது ஒரு சான்றிதழை வைத்த வெற்று உறையை விற்று, சான்றிதழை அனுப்பியவர்களுக்கு 1978-இல் நான்கு பொம்மைகளை அனுப்பிவைத்தது. வெறும் உறையையே காசு கொடுத்து வாங்கிச் செல்லும் அளவுக்கு இருந்த வரவேற்பைக் கண்ட ஒரு நிறுவனம், அதே ஃபாக்ஸின் அடுத்த விண்வெளிப் படத்துக்கும் உரிமை வாங்கியதில் வியப்பில்லை. படம் எத்தகையது என்பதை மட்டும் அது போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை போலும். ‘ஏலியன்’ படத்துக்கு அமெரிக்கத் தணிக்கை முறையில் ‘ஆர்’ தரம் வழங்கப்பட்டது; 17 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோரோ வயது வந்த காப்பாளரோ உடன் வராமல் அரங்குக்குள் நுழைய முடியாது. மனிதனின் மார்பைப் பிளந்துகொண்டு வெளிவரும் உயிரினத்தைப் பற்றிய படத்துக்குக் குழந்தைகளுக்கான பொம்மை செய்த கதை, அந்தத் தொழிலின் வரலாற்றில் இன்றுவரை வேடிக்கையாகப் பேசப்படுவது.

பொம்மையைப் பொறுத்தவரை கென்னர் எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘ஸ்டார் வார்ஸ்’ பாத்திரங்களை மூன்றே முக்கால் அங்குலச் சிறு உருவங்களாகவும் 12 அங்குல வரிசையிலும் விற்றுக்கொண்டிருந்த நிறுவனம், இதை 18 அங்குல உயரத்தில், கிட்டத்தட்ட 46 சென்டிமீட்டரில், வார்த்தது. அந்த உயிரினத்தின் தோற்றத்தை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் ஓவியர் எச். ஆர். கீகர். உள்ளிருந்து பாய்ந்து வரும் இரண்டாவது தாடையுடன் கூடிய இயந்திரத் தலையை அமைத்தவர் இத்தாலியக் கலைஞர் கார்லோ ராம்பால்டி. அந்த உடையை அணிந்து நடித்தவர் போலாஜி படேஜோ என்னும் மிக நெடிய நைஜீரிய இளைஞர். காட்சிவிளைவுகளுக்காக 1980-இல் ஆஸ்கர் பெற்ற குழுவில் கீகரும் ராம்பால்டியும் இருந்தனர். படத்தில் அவ்வுயிரினம் இருளிலும் புகையிலும் சில நிமிடங்களே தென்படுகிறது. அதன் நீண்ட தலையின் ஒளிபுகும் மூடிக்கு அடியில் மனித மண்டையோட்டின் வடிவம் இருக்கிறது என்பதைக் கண்கொட்டாமல் பார்த்தாலும் திரையில் உணர்வது அரிது. கென்னர் பொம்மையிலோ அது பட்டப்பகலில் தெரிகிறது. ஒளிபுகும் பிளாஸ்டிக் மேல்மூடி, அதன் அடியில் இருட்டில் ஒளிரும் பகுதி, தலையின் பின்புறத்து விசையை அழுத்தினால் வாய்க்குள்ளிருந்து நீளும் உள்தாடை, இரையை இறுக்கிப் பிடிப்பதற்கென ஸ்பிரிங் வைத்த கைகள், முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் குழல்கள், நீண்ட வால் ஆகிய அனைத்தையும் அதில் காணலாம். படம் மறைத்து வைத்ததைப் பொம்மை காட்டிக்கொடுத்தது என்பதே, கீகரின் ஓவியங்களை விரும்புகிறவர்களும் இதைத் தேடுவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

கடைகளுக்கு வந்த பிறகு நடந்தது எதிர்பார்க்கத் தக்கதே. பிள்ளைகள் பயந்தார்கள், பெற்றோர் புகார் செய்தார்கள், விற்பனை படுத்தது, தேங்கிய பெட்டிகளைக் கடைக்காரர்கள் விலை குறைத்துத் தள்ளினார்கள், பொம்மை சந்தையிலிருந்து மறைந்தது. இதே வரிசையில் மூன்றே முக்கால் அங்குலச் சிறு உருவங்களையும் வெளியிடக் கென்னர் திட்டமிட்டிருந்தது. அவை முன்மாதிரி நிலையைத் தாண்டவே இல்லை. ‘ஏலியன்’ பெயரில் சிறுவர்களுக்கான பொம்மை வரிசை ஒன்றைக் கென்னர் மறுபடியும் 1992-இல்தான் கொண்டுவந்தது. அப்போது அந்நிறுவனம் ஹாஸ்ப்ரோவின் கைக்குப் போயிருந்தது.

இனி உறுப்புகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் தேடுகிறவரின் காலமெல்லாம் செலவாவது இவற்றில்தான். ஒளிபுகும் மேல்மூடி தனித் துண்டு, கழன்று வரக்கூடியது. 1979-இல் இந்தப் பொம்மையை வைத்து விளையாடிய குழந்தை முதலில் செய்திருக்கக்கூடிய காரியம், அந்த மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. கழன்ற மூடி மிதிபட்டு உடைந்தது, அல்லது தொலைந்தது. இன்று விற்பனைக்கு வரும் பொம்மைகளில் மூடி இல்லாதவை மிகுதி. அடுத்து உள்தாடை: அது நீள்வதும் உள்ளிழுப்பதும் சிறு விசையைப் பொறுத்தது என்பதால், பொம்மை முழுமையாகத் தோன்றினாலும் தாடை அசையாமல் இறுகிப்போயிருக்கக்கூடும். முதுகுக் குழல்கள் ஒடிந்திருக்கும். கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பெட்டியோடு தரப்பட்ட சுவரொட்டியைப் பெரும்பாலான வீடுகளில் ஏதேனும் ஒரு சுவரில் ஒட்டிக் கிழித்திருப்பார்கள். படத்துக்கே போக முடியாத சிறுவனின் அறைச்சுவரில் அது எத்தனை நாள் இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். இவை எல்லாம் உள்ள ஒரு பொம்மைக்கும் வெறும் உடலுக்கும் இடையிலான விலை பல மடங்கு வேறுபடும். ‘ஏலியன் பொம்மை இத்தனை டாலருக்கு விற்றது’ என்ற செய்தியில் இந்த வேறுபாடு சொல்லப்படாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

விலை இப்படி ஓர் உறுப்பில் தொங்கும்போது, அந்த உறுப்பைப் புதிதாகச் செய்து விற்பவர்களும் தோன்றுவார்கள். ‘ஏலியன்’ மேல்மூடிக்கு இன்று செய்த நகல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. மூடியில்லாத பொம்மையைக் கண்ணாடி அலமாரியில் வைக்க விரும்புகிறவர் ஒரு நகல் மூடியை வாங்கிப் பொருத்திக்கொள்வது அவர் விருப்பம். அந்தப் பொம்மை பிறகு கைமாறும்போது, மூடி நகல் என்ற செய்தி அதனோடு சேர்ந்து போகாமல் நின்றுவிடுவதுதான் சிக்கல். முதலில் விற்றவர் எழுதியிருப்பார். இரண்டாவது ஆள் மறந்திருப்பார். மூன்றாவது ஆளுக்கு உண்மையாகவே தெரியாது. நான்காவது ஆள் ‘எல்லா உறுப்புகளும் உள்ளன’ என்று விளம்பரம் செய்வார். அவர் சொல்வது பொய்யும் அல்ல, ஏனெனில் உறுப்புகள் உள்ளன.

என்னிடம் இவ்வாறு ஒரு பொம்மையை விற்க முன்வந்த வணிகர் ஒருவர் அனுப்பிய படங்களில், உடல் முழுவதும் நாற்பது ஆண்டுத் தேய்மானம் தெரிந்தது. பாதங்களில் உராய்வு, மூட்டுகளில் வெளிறல், வாலில் வளைவு எல்லாம் இருந்தன. மேல்மூடியில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை, அது கிணற்றுத் தண்ணீரின் தெளிவோடு இருந்தது. மூடியின் விளிம்பையும் அது தலையோடு பொருந்தும் இடத்தையும் நெருக்கத்தில் படமெடுத்து அனுப்புமாறு கேட்டேன். பொம்மை முழுமையானது என்ற அதே வாக்கியம் மீண்டும் வந்தது, படம் வரவில்லை. நான் விலகிக்கொண்டேன். பின்னர் அதே பொம்மை வேறொரு தலைப்பில், மேலும் உயர்ந்த விலையில், விற்பனைக்கு வந்திருந்ததைக் கண்டேன். இதற்கு மாறாக, மூடி இல்லை, தாடை பாதிதான் நீள்கிறது, இடக்கையில் ஸ்பிரிங் வேலை செய்யவில்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதிய ஒரு முதியவரிடமிருந்து நான் கடைசியில் வாங்கினேன். மூடியில்லாத நேர்மையான பொம்மை, வரலாறு தெரியாத மூடியோடு உள்ள பொம்மையைவிட மேலானது என்பது என் தனிப்பட்ட கருத்து, மாறுபடுகிறவர்கள் உண்டு.

உறுப்பைப் போலியாகச் செய்வது ‘ஏலியன்’ பொம்மையோடு முடிவதில்லை. 1978-இல் கென்னர் வெளியிட்ட முதல் பன்னிரண்டு ‘ஸ்டார் வார்ஸ்’ உருவங்களில் ஜாவா என்னும் குள்ளப் பாத்திரமும் ஒன்று. மற்ற உருவங்களைவிட மிகவும் சிறியதான அதற்கு, ஆரம்பத்தில் மெல்லிய வினைல் தாளால் ஆன அங்கியை அணிவித்திருந்தார்கள். அளவில் சிறியது, உடையும் மட்டம், விலை மட்டும் மற்றவற்றின் விலையே என்றால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கருதி, விரைவிலேயே துணி அங்கிக்கு மாறிவிட்டார்கள். துணி அங்கி ஜாவா இன்றும் எளிதாகக் கிடைக்கும். வினைல் அங்கி ஜாவாவுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பார்கள். உடல் இரண்டுக்கும் ஒன்றே. ஆக, அந்த விலை முழுவதும் ஒரு சிறு வினைல் துண்டுக்கு உரியது. அதே வரிசையில் வந்த பென் கெனோபியின் பழுப்பு வினைல் அங்கியை வெட்டிச் சுருக்கி ஜாவாவுக்கு அணிவித்து விற்பது தொடக்ககாலம் முதல் உள்ள ஏமாற்று. பொருள் அதே காலத்து வினைல்தான் என்பதால் பழமையைக் கொண்டு இதைப் பிடிக்க முடியாது. நிறமும் வெட்டும் விளிம்பும் தையலற்ற கைத்துளையின் வடிவமும்தான் காட்டிக்கொடுக்கும். அதையும், உறுதியான ஓர் அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவரால்தான் சொல்ல இயலும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிழையாகச் செய்யப்பட்ட பொம்மை என்றாலே அரியது என்ற எண்ணமும் தவறு. அமெரிக்காவின் சியர்ஸ் கடைகளுக்கென 1978-இல் செய்யப்பட்ட ‘ஸ்டார் வார்ஸ்’ மதுக்கூடக் காட்சித் தொகுப்பில், ஸ்னகிள்டூத் என்ற குள்ளப் பாத்திரம் நெட்டையாகவும் நீல உடையிலும் வந்தது. சிற்பிகளுக்குக் கிடைத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாததே காரணம். பின்னர் அதைத் திருத்திக் குள்ளமாகவும் சிவப்பு உடையிலும் வார்த்தார்கள். நீல ஸ்னகிள்டூத்தின் கதை சுவையானது, ஆனாலும் தேடினால் அது கிடைக்கும்.

தேடலில் ஈடுபட விரும்பும் வாசகர்களுக்கு என் பட்டறிவிலிருந்து சிலவற்றைச் சொல்லலாம். ‘ஏலியன்’ என்ற பெயரில் மட்டும் தேடினால், அதன் மதிப்பு தெரிந்த விற்பனையாளர்களே முன்னால் வருவார்கள். வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்த பொருள்களை மொத்தமாக விற்பவர்களுக்குப் பொம்மையின் பெயரே தெரிந்திருக்காது. கறுப்புப் பூதம், விண்வெளி அரக்கன், பல்லி மனிதன் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அத்தகைய விளம்பரங்களில் பொம்மையின் படத்தைக் கண்டு அடையாளம் கொள்ளும் பயிற்சி வேண்டும். உடைந்த பொம்மைகளின் உறுப்புகளை மொத்தமாக விற்கும் இடங்களும் உண்டு; அசலான மூடியோ குழலோ அங்கே கிடைக்கும் வாய்ப்பு, முழுப் பொம்மையைத் தேடுவதில் உள்ள வாய்ப்புக்குக் குறைந்ததன்று.

சுவரொட்டியைச் சோதிப்பதற்கு ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். அந்தக் காலத்து ஆஃப்செட் அச்சில் நிறங்கள் ஒழுங்கான புள்ளிகளாக, சிறு பூ வடிவங்களாக அமைந்திருக்கும். வீட்டு இன்க்ஜெட் கருவியில் எடுத்த நகலில் புள்ளிகள் தெளித்தாற்போல் ஒழுங்கின்றி இருக்கும். அசலை ஸ்கேன் செய்து மீண்டும் ஆஃப்செட்டிலேயே அச்சிட்டிருந்தால் இச்சோதனை போதாது. எழுத்துகளின் விளிம்பு மங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். படங்களில் இதை முடிவு செய்ய முடியாது என்பதால், சுவரொட்டிக்கென்று தனி விலை கேட்பவரிடம் நான் தயக்கத்தோடுதான் பேசுவேன். பெட்டியைப் பொறுத்தவரை, அட்டையின் மடிப்புகளில் இழை வெளுத்திருக்கிறதா, மூலைகள் உள்பக்கமாக ஒட்டிச் சீர்செய்யப்பட்டிருக்கின்றனவா என்பவற்றைக் கவனித்தால் போதும்.

பெயரைக் கொண்டு ஏமாறுவதற்கும் வழி உண்டு. கென்னர் வெளியிடாமல் விட்ட மூன்றே முக்கால் அங்குல ‘ஏலியன்’ உருவங்களை, அந்த முன்மாதிரிகளை அடியொற்றி, சூப்பர்7 நிறுவனம் 2013-இல் படத்தின் பாத்திரங்களான ரிப்ளி, டல்லாஸ், கேன், ஆஷ், ஏலியன் என்னும் ஐந்து உருவங்களாகக் கொண்டுவந்தது. பழைய பாணி அட்டையும் பழைய பாணி வார்ப்பும் கொண்ட நேர்மையான புது வெளியீடு அது. அட்டையிலிருந்து பிரித்தெடுத்த அவ்வுருவத்தை ‘1979 கென்னர்’ என்று எழுதி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். 1979-இல் அந்த அளவில் ‘ஏலியன்’ உருவம் எதுவும் கடைக்கு வரவில்லை என்ற ஒரு செய்தியைத் தெரிந்துவைத்திருப்பவருக்கு அதற்கு மேல் எந்தச் சோதனையும் தேவையில்லை.

தரமதிப்பீட்டு நிறுவனங்களைப் பற்றியும் தங்கள் கட்டுரை மிகுந்த நம்பிக்கையோடு எழுதியிருந்தது. அமெரிக்காவின் ஏஎஃப்ஏ போன்ற நிறுவனங்கள் பொம்மையை ஆராய்ந்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, ஒளிபுகும் அக்ரிலிக் பேழைக்குள் முத்திரையிட்டுத் தருகின்றன. முன்மாதிரிகளுக்கும் திறக்கப்படாத பெட்டிகளுக்கும் இது பயன்படும் என்பதை மறுக்கமாட்டேன். ஜாவாவின் அங்கி போன்ற இடங்களில் அனுபவமுள்ள கண் பார்த்திருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். ஆனால் பேழைக்குள் போன பிறகு தாடையை நீட்டிப் பார்க்க முடியாது. விசை வேலை செய்வதைக் கையால் உணர்வதற்காகவே இப்பொம்மையை விரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு, அது பாதி பொம்மையாகவே தோன்றும்.

ஐயத்துக்குத் தீர்வு தேடுகிறவர்கள் விற்பனையாளர்களின் சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. பொம்மை நிறுவனங்கள் ஆண்டுதோறும் நியூயார்க் பொம்மைச் சந்தையை ஒட்டிக் கடைக்காரர்களுக்கென்று படங்களோடு அச்சிட்ட பட்டியல்கள், எந்தப் பொம்மை எந்த உறுப்புகளோடு விற்கப்பட்டது என்பதற்கு அந்தக் காலத்திலேயே எழுந்த சான்றுகள். நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் தேசிய விளையாட்டு அருங்காட்சியகம் இத்தகைய வணிகப் பட்டியல்களைத் தன் நூலகத்தில் பாதுகாக்கிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ உருவங்களை 2012-இல் தேசியப் பொம்மைப் புகழ் மண்டபத்தில் சேர்த்ததும் அந்த நிறுவனம்தான். பட்டியலில் உள்ள படம் முன்மாதிரியை வைத்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம், கடைக்கு வந்த பொம்மை சற்றே மாறியிருக்கலாம் என்பதை மனத்தில் கொண்டு அதைப் பார்க்க வேண்டும். போபா ஃபெட் விளம்பரத்தில் பாய்ந்த ராக்கெட் வீட்டுக்கு வந்த பொம்மையில் பாயவில்லையே.

இங்கிருந்தபடி வெளிநாட்டில் வாங்குகிறவர்கள், அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் விலையோடு சேர்த்துப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். நாற்பது ஆண்டுப் பழைய ஒளிபுகும் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மையை அடைந்திருக்கும் என்பதால், பெட்டிக்குள் பொம்மை அசையாதபடியும் மேல்மூடியின்மீது எடை விழாதபடியும் கட்டச் சொல்லி எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. வந்து சேர்ந்த பின் நேர்வெயில் படும் அலமாரியில் வைக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் ஒளிபுகும் பிளாஸ்டிக் மஞ்சளிப்பதற்கு அதிக காலம் ஆகாது.

எனவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அரிய திரைப்படப் பொம்மை ஒன்றின் ஏல விலையை வெளியிடும்போது, அது கடையில் விற்கப்பட்டதா முன்மாதிரியா, பெட்டியும் உறுப்புகளும் முழுமையாக உள்ளனவா, அவற்றுள் எவை பிற்காலத்தில் மாற்றப்பட்டவை என்று ஏல நிறுவனமே குறிப்பிட்டிருக்கிறது ஆகிய செய்திகளை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறேன். ஏல நிறுவனங்களின் விற்பனைக் குறிப்புகளில் இவை பெரும்பாலும் எழுதப்பட்டே இருக்கின்றன. அவற்றைத் தமிழில் தருவதற்கு நான்கைந்து வரிகளுக்கு மேல் தேவைப்படாது. முந்தைய கட்டுரையில் இடம்பெற்ற போபா ஃபெட் பொம்மைக்கும் இந்த விளக்கத்தை அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிட்டால், பரணைத் துழாவத் தொடங்கியிருக்கும் வாசகர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.